படத்துக்கு வைத்த தண்ணீர்

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் கழித்துச் செடி இலை உதிர்க்கத் தொடங்கியது. காலையில் கூடத்து விளக்கைப் போடாமல் நடந்த கோபிநாத்தின் உள்ளங்காலில் ஏதோ நசுங்கிக் குளிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். இலை. கட்டைவிரல் அகலம், மெழுகு பூசியதுபோல் வழவழப்பு, பாதி மஞ்சள். குப்பையில் போட்டுவிட்டுச் செடிக்கு வழக்கம்போல் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினான். மறுநாள் மூன்று கிடந்தன. தண்ணீர் போதவில்லை போல என்று முக்கால் டம்ளர் ஊற்றினான். அந்த வார முடிவில் கைப்பிடி நிறைய அள்ள வேண்டியிருந்தது.

ஜேட் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றாராம். அவன் மனைவி ஹேமலதா அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அது குண்டுச் செடி. கல்யாணமான புதிதில் சண்டே மார்க்கெட்டில் பழைய துணிக் குவியலுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே கண்டுபிடித்து, பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு உழவர்கரை வரை வந்தாள். நீலப் பீங்கான் தொட்டி, அடியில் ஒரு தட்டு, பால்கனிக் கம்பியோரம் வெயில் விழும் மூலை. அவ்வளவுதான் அவள் அதற்குச் செய்தது. "இதுவும் என்ன மாரிதான். யாரும் கண்டுக்கலன்னாதான் நல்லாருக்கும்," என்பாள்.

எத்தனை நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றினாள்? கோபிநாத்துக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதுகூடச் சரியில்லை. அவன் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த செடி. அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவளையும் அவன் அதிகம் பார்க்காமல்தான் இருந்துவிட்டான்.

அவள் போனது ஆகஸ்ட் மாதம். டெங்கு. ஐந்து நாள். பதினேழாம் நாள் அவன் சேதராப்பட்டு கம்பெனிக்குத் திரும்பிப் போனான். மாத்திரை தயாரிக்கும் கம்பெனி. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அவன் வேலை. மாத்திரையை எடை போடுவது, கரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது, எழுதுவது. பையன் தைரியமா இருக்கான் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அவன் காதிலும் விழுந்தது. தைரியம் இல்லை அது. பல் பிடுங்க ஊசி போட்டதும் உதடு நம்முடையது மாதிரி இல்லாமல் போகுமே, அது. அந்த மரப்பு இறங்கவே இல்லை, அவ்வளவுதான்.

காலையில் எழுந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது ஒன்று இருந்ததால்தான் எழுந்தான்.

ஹேமலதாவின் அம்மா அஞ்சலாட்சி முத்தியால்பேட்டையில் தனியாக இருந்தாள். அவள் புருஷன் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடின மறுவருஷமே போய்விட்டார். ஒரே மகள். வருஷம் திரும்புகிறவரை பெண்ணின் படத்துக்கு முன்னால் விளக்கு அணையக்கூடாது, பூட்டின வீடாகவும் கிடக்கக்கூடாது என்று அவளே சாவி வாங்கி வைத்துக்கொண்டாள். தினம் பதினோரு மணிக்கு டெம்போ பிடித்து வருவாள். பெருக்குவாள், விளக்கேற்றுவாள், இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவாள். அவன் வீடு வரும்போது அடுப்பு மேல் ஒரு குழம்போ ரசமோ மூடியிருக்கும். வாரத்தில் ஒருநாள், ஞாயிறு மட்டும், அவனுக்கு எதிரே அவள் நடமாடுவாள். அன்றைக்கும் பேச்சு அதிகம் இருக்காது.

"மாப்ள, மாவு பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் ஒழுவிக் கெடக்குது. கொஞ்சம் பாக்கறதில்ல?"

"பாக்கல அத்த."

"அது தெரியுது."

செடியைப் பால்கனியிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "அவ செடி அவகிட்டயே இருக்கட்டும்," என்று தூக்கிவந்து படத்துக்குக் கீழே முக்காலியில் வைத்தாள். ஜன்னல் எதிர்ச்சுவரில் இருந்தது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் இலை பொறுக்கக் குனிந்தபோது ஒன்று தொட்டியின் அடித்தட்டில் விழுந்து மிதப்பதைப் பார்த்தான். தட்டில் தண்ணீர் நின்றது. இரண்டு விரல் உயரம். அதில் நூல் நூலாக ஏதேதோ சுருண்டு நெளிந்து மேலே வந்து போயின. கொசுப் புழு.

குளியலறைக்குக் கொண்டுபோய்க் கொட்டினான். கீசரைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினான். ஆகஸ்ட்டில் செடி பால்கனியில் இருந்தது, தட்டு காய்ந்திருந்தது, அப்போது இதில் தண்ணீர் நின்றதில்லை. இதைத் தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டான். பிறகுதான் குழாயை மூடினான்.

அன்று சாயங்காலம் உதிர்ந்த இலைகளில் ஏழெட்டைப் பால் கவரில் போட்டுக்கொண்டு ஈசிஆர் ஓரத்து நர்சரிக்குப் போனான். மழை விட்டிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து ரோஜாப் பதியன்களைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள். மேனகா என்று யாரோ அவளைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. அவள் கவரை வாங்கி ஓர் இலையை இரண்டு விரலால் அழுத்தினாள். அது வெடித்துத் தண்ணீர் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது.

"ஜேடு. தெனம் ஊத்துறீங்களா?"

"அரை டம்ளர். இப்ப கொஞ்ச நாளா முக்கால்."

"எதுக்குக் கூட்டுனீங்க?"

"இலை விழுந்துது. தண்ணி போதலன்னு நெனச்சேன்."

மேனகா சிரித்தாள். "நல்ல வைத்தியம் சார். வாந்தி எடுக்குறவனுக்கு இன்னும் ரெண்டு இட்லி வெச்ச கணக்கா." இலைகளைச் சாக்கின் மேல் பரப்பினாள். "தண்ணி இல்லாம விழுந்தா எல சுருங்கும். தோல்ல சுருக்கம் உழும், மெல்லிசா காஞ்சி உதிரும். இது பாருங்க, மஞ்ச பூத்து, கண்ணாடியாட்டம் உப்பிக் கெடக்குது. தாவத்துல விழுந்தது இல்ல. வயிறு முட்டி விழுந்தது. எலயிலயும் தண்டுலயும் அதுவே தண்ணிய சேத்து வெச்சிக்கும் சார். மழ நாள்ல பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் ஊத்துனா ஜாஸ்தி. எடம் மாத்துனீங்களா?"

"வெயில்ல இருந்துது. உள்ள வெச்சிருக்கோம்."

"அப்ப அதுவும் சேந்துக்கிச்சி. வெளிச்சம் இல்லன்னா குடிக்கவும் குடிக்காது. தட்டுல தண்ணி நிக்குதா?"

"ரெண்டு விரல்."

அவள் சணலைக் கீழே வைத்தாள். "சார், முக்கா டம்ளருக்கு ரெண்டு விரல் நிக்காது. வேற யாரு ஊத்துறாங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன்," என்றான். சொல்லி முடிக்கும்போதே படத்துக்கு முன்னால் இருக்கும் பித்தளைச் சொம்பு நினைவுக்கு வந்தது. தினமும் நிறைந்திருக்கும் சொம்பு. தினமும் புதுத் தண்ணீர். பழைய தண்ணீர் எங்கே போகிறது என்று அவன் யோசித்ததே இல்லை. அவன் வீட்டிலும் அப்பா படத்துக்கு வைப்பார்கள். சாக்கடையில் ஊற்ற மாட்டார்கள். கால் படுகிற இடத்தில் ஊற்ற மாட்டார்கள். செடியின் வேரில்தான் ஊற்ற வேண்டும். அந்த வீட்டில் இருப்பது ஒரே செடி.

"என் மாமியாரு," என்றான்.

மேனகா அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் கிண்டல் செய்யவில்லை. செய்ய வேண்டியதைச் சொன்னாள். தொட்டியிலிருந்து பிடுங்கி மண்ணை உதறிவிட வேண்டும். கறுத்துக் கொழகொழவென்று இருக்கிற வேரையெல்லாம் வெட்ட வேண்டும். வெள்ளையாக, விறைப்பாக இருப்பதை விடலாம். தண்டை அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்தால் பச்சை வருகிறவரை வெட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். நாலு நாள் நிழலில், காகிதத்தின் மேல், வெட்டுவாய் காய வேண்டும். ஓட்டை போட்ட மண் தொட்டியில் பாதிக்கு மேல் மணலும் உடைத்த செங்கல்லும் போட்டு நட வேண்டும். அதற்கப்புறமும் ஒரு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது.

"இதெல்லாம் பண்ணிட்டு மறுபடி ரெண்டு பேரும் ஊத்துனீங்கன்னா எங்கிட்ட வராதீங்க," என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி, "அவங்களால ஊத்தாம இருக்க முடியாதுன்னா ஒரு கல்வாழ எடுத்துட்டுப் போங்க. அது எவ்ளோ ஊத்துனாலும் குடிக்கும். அவங்க அதுக்கு ஊத்தட்டும்."

நல்ல யோசனையாக இருந்தது. பையில் கட்டிய கல்வாழையை பைக் டேங்க் மேல் சாய்த்துக்கொண்டு அவன் கிளம்பினான்.

வழியில் சிக்னலில் நிற்கும்போதுதான் அது மேலே வந்தது. செடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தண்ணி வேணாம் அத்த என்று. அந்த வார்த்தையை அவன் முன்பே ஒருதரம் சொல்லியிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் மத்தியானம். வாய் வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எடுத்துப்போய் மூச்சுக்குக் குழாய் பொருத்துவதாக இருந்தது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மூச்சுக்குள் போய்விடுமாம். ஹேமலதா தண்ணீர் கேட்டாள். அஞ்சலாட்சி டம்ளரைத் தூக்கி மகளின் உதட்டில் வைக்கப் போனாள். அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்தான். "வேணாம் அத்த. குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க." வளையல் அழுந்த இறுக்கித்தான் பிடித்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மருந்து வாங்கக் கீழே போனாள்.

அவள் போன பிறகு கோபிநாத் துண்டின் முனையை அதே டம்ளரில் நனைத்து ஹேமலதாவின் உதட்டில் வைத்தான். அவள் உறிஞ்சினாள். அரை மில்லிகூட இருக்காது. வேலையில் அளந்து அளந்து பழகிய கை, தெரியும். அரை மில்லி எதையும் செய்யாது என்று பிறகு படித்தும் தெரிந்துகொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வான். அதற்கு மேல் நினைக்க மாட்டான்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்திருந்தது.

மறுநாள் லீவு போட்டான். பத்தே முக்காலுக்குச் சாவி திரும்பியது. அஞ்சலாட்சி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவனைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"ஒடம்பு சரியில்லிங்களா மாப்ள?"

"நல்லாத்தான் இருக்கேன் அத்த. லீவு."

அவள் கை கால் கழுவினாள். விளக்குக்கு எண்ணெய் விட்டாள். பிறகு சொம்பை எடுத்து, நேற்றைய தண்ணீரை ஒரு சொட்டுக்கூடக் கீழே விழாமல், குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் சாய்த்து, குண்டுச் செடியின் அடியில் ஊற்றப் போனாள்.

"அத்த, ஒரு நிமிஷம்."

கல்வாழையைக் கொண்டுவந்து வைத்தான். "இனிமே இதுல ஊத்துங்க. இதுக்குத் தண்ணி நெறைய வேணுமாம்."

அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள். "இது எவ வெச்ச செடி?"

"நான் வாங்கியாந்தேன். நேத்து."

"நல்லாருக்குது நியாயம். என் பொண்ணுக்கு வெச்ச தண்ணிய எதுக்கு மாப்ள ஊரான் செடியில கொண்டு ஊத்தணும்? இது அவ வெச்சது. அவ கைபட்டது. இதுல ஊத்துனா அவளுக்குப் போயிச் சேரும். இதப் பால்கனியில வெய்யிங்க, பூ பூக்கும், அழகா இருக்கும்." மறுபடி சொம்பைச் சாய்த்தாள். "ஏற்கெனவே எலயெல்லாம் உதுருது, பாவம். நீங்க காலைல ஒரு வாய் ஊத்தறதில்லயா? நான் ரெண்டு சொம்பா ஊத்திப் பாக்குறேன், அப்பவும் நிக்க மாட்டேங்குது."

கோபிநாத் கை நீட்டினான். நீட்டிய கை அவள் மணிக்கட்டில் போய் நின்றது. இந்தத் தரம் இறுக்கவில்லை. ஆனால் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"வேணாம் அத்த. தண்ணிதான் அத அழுவடிக்குது. நானும் ஊத்துறேன், நீங்களும் ஊத்துறீங்க. வேர் அழுவிப் போச்சி."

அஞ்சலாட்சி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவனை ஒருமையில் பேசாதவள், "அன்னிக்கும் நீதான்," என்றாள். "அன்னிக்கும் இப்பிடித்தான் புடிச்ச."

அவன் கையை எடுத்தான்.

"நாக்கு ஒட்டிக்கிட்டுப் போவுதும்மான்னு கேட்டா. நான் பெத்தவ. ஒரு முழுங்கு குடுக்க வுடல நீ. டாக்டர் சொன்னாரு, சரி. படிச்சவன் சொல்றான், சரி. பேசாம இருந்தேன். செத்தவளுக்கும் குடுக்கக் கூடாதா? அதுக்கும் யாராவது சீட்டு ஒட்டிட்டாங்களா?"

சொம்பை முக்காலியில் வைத்துவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. முந்தானையால் மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டாள், ஏதோ ஒட்டியிருந்ததுபோல.

கோபிநாத் என்ன செய்வதென்று தெரியாமல், செய்யத் தெரிந்ததைச் செய்தான். செய்தித்தாளை விரித்தான். தொட்டியைச் சாய்த்துத் தட்டி, செடியை உருவினான். மண் ஈரமாகத் தொட்டி வடிவத்திலேயே வந்தது. அழுகல் வாடை கூடம் முழுக்கப் பரவியது. அஞ்சலாட்சி மூக்கைப் பொத்தவில்லை; முழங்கால் போட்டு நகர்ந்து வந்து பார்த்தாள். வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் கழன்று கையோடு வந்தன.

"இது எல்லாம் நான் ஊத்துனதுதானா?"

"நானுந்தான்."

காய் நறுக்கும் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினான். கறுப்பு. கறுப்பு. ஒரு வெள்ளை நூல். மறுபடியும் கறுப்பு. வெட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், வேருக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

"அவ தண்ணி குடிச்சா அத்த."

"என்னா?"

"நீங்க மருந்து வாங்கக் கீழ போனீங்கள்ல. அப்ப. துண்ட நனச்சி வாயில வெச்சேன். உறிஞ்சினா."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பால்கனித் தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவள் அடுத்துக் கேட்டது அவனுக்குப் பாதிதான் கேட்டது.

"எந்தத் துண்டு?"

"பச்சக் கட்டம் போட்டது. நீங்க கொண்டாந்தது."

"குடிச்சாளா? நெசமா உள்ள போச்சா?"

"போச்சி. ரெண்டு மூணு சொட்டு இருக்கும்."

"என்னத் தடுத்துட்டு நீ குடுத்திருக்க."

"ஆமா."

"இத்தினி மாசம் வாயத் தொறக்கல."

"எப்பிடிச் சொல்றது அத்த?"

அவள் யோசித்தாள். கோபமா, வேறா என்று அவனால் சொல்ல முடியவில்லை. உதிர்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"கண்ணு தொறந்திருந்தாளா?"

"தொறந்திருந்தா."

"ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்ல."

"மாப்ள. அவ எங்கிட்டயே அவ்ளோ பேசுவா. ஒண்ணும் சொல்லாம இருந்திருக்க மாட்டா."

கத்தி நின்றது. மூன்று மாதமாக அவன் போகாமல் நின்றுவிடுகிற இடம் அதுதான். தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினான். மெத்தென்று உள்ளே போனது.

"இன்னொரு வாட்டின்னு சொன்னா."

"குடுத்தியா?"

"இல்ல."

அஞ்சலாட்சி அவனையே பார்த்தாள்.

"பயந்துட்டேன்," என்றான். "துண்டப் பின்னாடி வெச்சிக்கிட்டேன். அவ அந்தத் துண்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் வந்து உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க." குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. கத்தி மட்டும் வெட்டிய இடத்தையே மறுபடி மறுபடி வெட்டிக்கொண்டிருந்தது.

அவள் கத்தியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"நீ தண்டப் புடிச்சிக்க."

அவன் பிடித்தான். அவள் மீன் தலை அறுக்கிற மாதிரி, தயங்காமல், அடித்தண்டை ஓரங்குலம் மேலே வெட்டினாள். உள்ளே பழுப்பு. இன்னும் மேலே. நடுவில் மட்டும் பழுப்பு வளையம். மூன்றாம் வெட்டில் பச்சை வந்தது; வெள்ளரிக்காய் போல் ஈரமான, சுத்தமான பச்சை. அதற்கு மேல் மிஞ்சியது இரண்டு கிளை. பத்துப் பன்னிரண்டு இலை. இரண்டு வருஷத்துச் செடி ஒரு பிடிக்குள் அடங்கிவிட்டது.

"பொழைக்குமா?"

"தெரில அத்த. பொழைக்கலாம்னு சொன்னாங்க."

கிளைகள் இரண்டையும் வேறொரு காகிதத்தில் ஒன்றையொன்று தொடாமல் கிடத்தினாள். சாமான் அலமாரிக்குக் கீழே, நிழலில். "எப்ப தண்ணி ஊத்தணும்?"

"நாலு நாள் காயணும். நட்டு, அப்பறம் ஒரு வாரம். பதினோரு நாளு."

"நீங்க ஊத்துவீங்களா, நான் ஊத்தணுமா?"

"நீங்க ஊத்துங்க."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். பதினொன்றாம் நாளுக்கு மறுபடி முதல் விரலுக்கே வர வேண்டியிருந்தது. "அது வரைக்கும் நான் வந்து என்னா பண்றது?"

கோபிநாத் கறுத்த வேர்களைக் காகிதத்தோடு சுருட்டினான். கூடத்தில் வாடை இன்னும் போகவில்லை. சுவரில் மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அவள் வழக்கமாகப் பிடிக்கிற டெம்போ இந்நேரம் அஜந்தா சிக்னலைக் கடந்திருக்கும். அஞ்சலாட்சி எழுந்திருக்கவில்லை. அவனும் மணியைச் சொல்லவில்லை.

"அந்தத் துண்ட மொதல்ல அவ வாயில எந்தப் பக்கம் வெச்சீங்க," என்று கேட்டாள். "எடப்பக்கமா, வலப்பக்கமா. மொதல்லேருந்து சொல்லுங்க மாப்ள."